வீட்டு வீடியோவும் கட்டற்ற மென்பொருளும்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் எழுதுவது)

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகளைப் பார்வையிடுவதற்காக எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். அஸ்திவாரத்தை அளந்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறப்போகும் சமயம், அவ்வீட்டு மூதாட்டி பாலிதீன் பையில் சுற்றிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அது ஒரு வீடியோ காஸெட். 1994 ஆம் ஆண்டு நடந்த அவருடைய மகனின் திருமணம் அதில் பதிவாகியிருந்தது. "ஐயா, இதுல எங்க வீட்டுக்காரரு பேசறாரு. அவரு போயி இருவது வருஷமாச்சு. இதைத் திரும்பக் கேக்கறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குங்களா?" என்று கேட்டார்.

குடிநீர்க் குழாய், சாலை, தெருவிளக்கு என்று எத்தனையோ மனுக்களை வாங்கிப் பழகியவன் நான். இந்த மனுவை எந்தப் பிரிவு எழுத்தரிடம் கொடுப்பது என்று விளங்கவில்லை. ஆயினும் வாங்கிக்கொண்டேன். அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

1998 இல் என் தமக்கையின் திருமணம் நடந்தது. அந்த வீடியோவை ஒரு ஸ்டுடியோவினர் பிற்காலத்தில் டி.வி.டி. தட்டில் ஏற்றித் தந்தனர். 2012 இல், அதைக் கணினியில் சேமிக்க வேண்டுமென்று எண்ணி, 'இலவசம்' என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு மாற்று மென்பொருளைப் பதிவிறக்கி வேலையை முடித்தேன். மூன்று மணி நேரப் படம் ஒரே இரவில் கோப்பாயிற்று. மறுநாள் ஓட்டிப் பார்த்தபோதுதான், படம் முழுவதிலும் நடுவே அந்த மென்பொருளின் பெயர் பட்டையாகப் பதிந்திருப்பதைக் கண்டேன். பணம் கட்டினால் பட்டையை நீக்குவார்களாம். பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தட்டு ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் கைமாறிக் கீறல் விழுந்து, இரண்டு ஆண்டுகளில் ஓடாமற்போயிற்று. என் தந்தையார் தாரை வார்த்துக் கொடுக்கும் காட்சியில், அவருடைய முகத்தின்மீது இன்றும் ஓர் அந்நியப் பெயர் எழுதியிருக்கிறது.

ஆகவே, வீட்டு வீடியோக்களைத் தொகுக்கவும் மாற்றவும் எவ்வகை மென்பொருளைத் தேர்ந்துகொள்வது என்பதைப்பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கு எழுத முற்படுகிறேன். இது குடும்பங்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று. கிராம சபைக் கூட்டங்களை ஊராட்சிகள் வீடியோவாகப் பதிவு செய்கின்றன. மகளிர் சுய உதவிக் குழுவினர் தங்கள் பொருள்களைக் கைப்பேசியில் படமெடுத்து விற்கின்றனர். எல்லோருக்கும் வேண்டிய கருவிகள் இவையே.

விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் இலவசத்திற்கும் சுதந்திரத்திற்கும் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் வழங்குவதால், அம்மொழியினர் இவ்விஷயத்தில் பெரிதும் குழம்புகின்றனர். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. விலையில்லா அரிசி, விலையில்லா மிதிவண்டி என்று நாம் சொல்லும்போது விலை வாங்கப்படவில்லை என்பது மட்டுமே பொருள். கட்டற்ற மென்பொருள் என்பதோ வேறு. அதை எந்தக் காரியத்திற்கும் ஓட்டலாம்; அது எவ்வாறு இயங்குகிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம்; பிறருக்குப் படி எடுத்துக் கொடுக்கலாம்; திருத்தியதையும் கொடுக்கலாம். இந்நான்கு உரிமைகளும் உள்ளதே கட்டற்ற மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983 இல் குனூ என்ற திட்டத்தை அறிவித்து இக்கொள்கைக்கு வித்திட்டார்.

இந்த வேறுபாட்டால் கிராமத்தானுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மூவி மேக்கர் என்னும் தொகுப்பு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது விலையில்லாதது, எளிமையானது, லட்சக்கணக்கானோர் அதில்தான் தொகுப்பு வேலையைப் பழகினர். 2017 ஜனவரியில் நிறுவனம் அதை விலக்கிக்கொண்டது. கொடுத்தவர் திரும்பப் பெற்றார். கேட்பதற்கு நமக்கு உரிமையில்லை. அவ்வாறே, 2020 ஜூன் 29 ஆம் தேதி மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில், கைப்பேசியில் வீடியோ தொகுப்பதற்கு உரிய செயலியும் ஒன்று. தடையின் நியாயம் வேறு விஷயம். ஆனால் பாதி முடிந்த வேலையை அச்செயலிக்குள்ளேயே வைத்திருந்தவர் நிலை என்ன? கட்டற்ற மென்பொருளை எழுதியவர்கள் நாளை கடையைக் கட்டிவிட்டாலும், நம்மிடம் உள்ள படி நம்முடையதாகவே இருக்கும். வேறொருவர் அதை எடுத்துத் தொடரவும் கூடும்.

திருட்டுப் படிகளைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விலையுயர்ந்த மென்பொருள்களின் பூட்டை உடைத்த படிகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றித் தரும் தம்பிமார் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அரசாங்கப் பணத்தில் வாங்கிய கணினியில் களவுப் பொருளை ஏற்றுவது தவறு என்பது ஒருபுறமிருக்க, பூட்டை உடைத்தவன் உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறான் என்பதும் நமக்குத் தெரியாது. தகுந்த பொருள் நியாயமாகவே கிடைக்கும்போது இந்த வழி எதற்கு?

சாக்கும் நெல்லும்

மென்பொருளைத் தேர்வதற்கு முன்னர், வீடியோக் கோப்பு என்பது யாது என்று சிறிது அறிந்துகொள்ள வேண்டும். இதை அறியாமையே பெரும்பாலான நஷ்டங்களுக்குக் காரணம்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்.பி.4 என்றோ, எம்.கே.வி. என்றோ, ஏ.வி.ஐ. என்றோ எழுதியிருக்கிறது. அது சாக்கின் பெயர். உள்ளே இருக்கும் தானியம் வேறு. படத்தை எவ்வாறு சுருக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்பதே தானியம். இதற்குக் கோடெக் என்று பெயர். எச்.264 என்பது 2003 இல் வகுக்கப்பட்ட கோடெக். இன்று ஓடாத கருவி அநேகமாக இல்லை. எச்.265 என்பது 2013 இல் வந்தது. அதே தரத்திற்கு ஏறக்குறையப் பாதி இடமே கொள்ளும். ஆனால் பழைய தொலைக்காட்சிகளும் பழைய கணினிகளும் அதைக் கண்டால் திகைத்து நிற்கும். டி.வி.டி. தட்டுகளில் இருப்பது எம்பெக்-2 என்னும் இன்னும் பழைய வகை.

இப்போது ஒரு சாக்கிலிருந்து மற்றொரு சாக்கிற்கு நெல்லைக் கொட்டினால் நெல்லுக்கு ஒன்றும் நேர்வதில்லை; வேலையும் நொடியில் முடியும். எம்.கே.வி. சாக்கிலிருக்கும் எச்.264 படத்தை எம்.பி.4 சாக்கிற்கு மாற்றுவது இத்தகையது. நெல்லை அவலாக இடிப்பதோ வேறு. இடம் குறையும், உடனே உண்ணலாம், ஆனால் அவலை எந்நாளும் நெல்லாக்க முடியாது. ஒரு கோடெக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதும், அதே கோடெக்கில் சிறிதாகச் சுருக்குவதும் இடிக்கும் வேலையே. ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் படத்தில் சிறிது போய்விடுகிறது.

எனவே, 'மாற்ற வேண்டும்' என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சாக்கை மாற்றினால் போதுமா, அன்றித் தானியத்தையே மாற்ற வேண்டுமா என்பதுதான். கடைகளில் இக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. நொடியில் முடிய வேண்டிய வேலைக்கு மூன்று மணி நேரம் இடித்து, கூலியும் வாங்கி, சிறிது மங்கலான படத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அதோடு, 'பழைய கல்யாண வீடியோவை 4கே ஆக்கித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்வோரையும் காண்கிறோம். நம் நாட்டு வி.எச்.எஸ். காஸெட் பால் என்னும் முறையில் பதிவானது. அதைக் கணினியில் ஏற்றினால் உயரம் 576 வரிகள். அதைப் பல மடங்காக நீட்டுவது, ஒரு படி மாவில் தண்ணீரை விட்டுப் பெருக்குவது போலத்தான்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி

அநேகர் எல்லாவற்றையும் செய்யும் ஒரே மென்பொருளைத் தேடி அலைகிறார்கள். களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் நாம் ஒரே கருவியை எடுப்பதில்லை.

பார்ப்பதற்கு மட்டுமெனில் வி.எல்.சி. போதும். 1996 இல் பாரிஸ் நகருக்கு அருகில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய முயற்சி இது. 'இந்தக் கோப்பு திறக்கவில்லை' என்று கொண்டுவருகிறவர்களில் பலருக்கு, வி.எல்.சி.யை ஏற்றிக் கொடுத்தவுடன் மாற்றும் வேலையே இல்லாமற்போய்விடுகிறது.

மாற்றுவதற்கும் சுருக்குவதற்கும் நான் சிபாரிசு செய்வது ஹேண்ட்பிரேக். 2003 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள். பழைய டிஜிட்டல் கேமராவின் ஏ.வி.ஐ., பொத்தான் கைப்பேசிகளின் 3ஜிபி, வீட்டு டி.வி.டி. தட்டு ஆகிய எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, எம்.பி.4 அல்லது எம்.கே.வி.யாகத் தரும். முன்னரே அமைத்துவைத்த மாதிரிகள் பட்டியலாக அதில் இருக்கின்றன. காஸெட்டிலிருந்தும் டி.வி.டி.யிலிருந்தும் வந்தவற்றிற்கு 'ஃபாஸ்ட் 576பி25' என்ற மாதிரியும், கைப்பேசி வீடியோவிற்கு 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற மாதிரியும் பொருந்தும். தரத்தைக் குறிக்க ஆர்.எஃப். என்றோர் எண் உண்டு. எண் குறையக் குறையத் தரம் உயரும், கோப்பும் பெருக்கும். காஸெட் படத்திற்கு 18 முதல் 22 வரையிலும், 1080 வரிப் படத்திற்கு 20 முதல் 24 வரையிலும் வைத்துக்கொள்ளும்படி அம்மென்பொருளை ஆக்கியோரே கூறுகின்றனர். கோப்பு சிறிதாக வேண்டுமென்று இதை 35 ஆக்கி, மணமக்களின் முகத்தைக் களிமண் பொம்மையாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஹேண்ட்பிரேக் துண்டுகளை ஒட்டாது. அதை அதனிடம் எதிர்பார்த்து ஏமாறக் கூடாது.

ஓரிடத்தில் வெட்டி எடுத்தால் போதும், வேறு மாற்றம் வேண்டாம் என்போருக்கு லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் என்று இரண்டு உண்டு. இவை நெல்லை இடிக்காமலே சாக்கிலிருந்து வேண்டிய அளவு அள்ளித் தருகின்றன. ஒரு மணி நேரப் படத்திலிருந்து ஐந்து நிமிடம் எடுக்கச் சில விநாடிகளே ஆகும். ஒரு சிறு குறை உண்டு. கோடெக்கானது எல்லாப் படங்களையும் முழுமையாக வைப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படம், அதன்பின் மாறியவை மட்டும் என்று வைக்கிறது. இடிக்காமல் வெட்டும்போது அம்முழுப் படம் உள்ள இடத்திலிருந்துதான் தொடங்க முடியும். ஆகையால் நாம் குறித்த இடத்திற்குச் சில விநாடி முன்னதாகவே துண்டு தொடங்கும்.

பல துண்டுகளைச் சேர்த்து, தலைப்பு எழுதி, இசை கோத்து ஒரு படமாக்க வேண்டுமெனில் ஷாட்கட், கேடென்லைவ், ஓப்பன்ஷாட் என்ற மூன்றும் கட்டற்றவை. ஓப்பன்ஷாட் பழகுவதற்கு எளிது. சிறுவர்கள் அரை நாளில் கற்றுக்கொள்வார்கள். நீண்ட படங்களுக்கு நான் அதை நம்புவதில்லை. கேடென்லைவில் வசதிகள் அதிகம். பல அடுக்குகளில் வேலை செய்வோருக்கு உகந்தது. எங்கள் ஒன்றியத்தில் ஊராட்சிச் செயலர்களுக்கு நான் காட்டியது ஷாட்கட். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். நிறுவாமலே ஒரு கோப்புறையிலிருந்து இயக்கத்தக்க விண்டோஸ் பதிப்பும் உண்டு. சாதாரணத் தரத்திற்கு 4 ஜிபி, உயர் தரத்திற்கு 8 ஜிபி, 4கே படத்திற்கு 16 ஜிபி நினைவகம் வேண்டுமென்பது அதன் கணக்கு. ஊராட்சிக் கணினிகளுக்கு இது ஒத்துவரும். கனமான படமாயின் 'பிராக்ஸி' என்ற ஏற்பாட்டை இயக்கினால், வேலை நடக்கும்போது சிறிய மாற்றுப் படத்தை வைத்துக்கொண்டு, முடிவில் அசலிலிருந்தே கோப்பை ஆக்கிக் கொடுக்கும். கேடென்லைவிலும் இது உண்டு.

டாவின்சி ரிஸால்வ் என்பதைப்பற்றிச் சிலர் என்னிடம் கேட்டனர். சினிமாத் துறையில் உபயோகமாகும் உயர்ந்த கருவி. அதன் ஒரு பதிப்பு விலையின்றிக் கிடைக்கிறது. அது விலையில்லாதது, கட்டற்றதன்று. மேலும் அது கேட்கும் கணினி நம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலேயே இல்லை.

இவற்றுள் பெரும்பாலானவற்றின் அடியில் எஃப்எஃப்எம்பெக் என்னும் ஒரே எந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2000 இல் தொடங்கியது. கட்டளை எழுதி வேலை வாங்கத் தெரிந்தவர்கள் அதை நேராகவே உபயோகிக்கலாம். நூறு கோப்புகளை ஒரே விதமாக மாற்ற வேண்டிய இடத்தில் அதற்கு இணையில்லை. மற்றையோர் அதன் பெயரை அறிந்திருந்தால் போதும்.

காஸெட்டுக்கு அவசரம் உண்டு

கைப்பேசி வீடியோ நாளைக்கும் இருக்கும். காஸெட்டின் கதை அப்படியன்று. வி.எச்.எஸ். இயந்திரத்தை ஜே.வி.சி. நிறுவனம் 1976 இல் வெளியிட்டது. கடைசியாக அதைத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனம் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனி ஓடுவதெல்லாம் பழைய இயந்திரங்களே. நாடாவோ நம் ஊர்ப் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கிறது. காஸெட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அத்தகைய காஸெட்டை இயந்திரத்தில் போடவே கூடாது. நாடாவும் கெடும், பூசணம் இயந்திரத்தின் தலையில் ஒட்டி, அடுத்து வரும் காஸெட்டையும் கெடுக்கும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கொடுக்க வேண்டும்.

மூதாட்டியின் காஸெட்டில் திட்டுகள் இல்லை. நல்ல வேளையாக எங்கள் அலுவலக மேற்பார்வையாளர் வீட்டுப் பரணில் ஓர் இயந்திரம் இருந்தது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட கம்பிகளை யு.எஸ்.பி. பதிவுக் கருவி ஒன்றில் செருகி, கணினியில் ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்னும் கட்டற்ற மென்பொருளால் பதிவு செய்தோம். இங்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பதிவை எம்.கே.வி. சாக்கில்தான் செய்ய வேண்டும். வழக்கமான எம்.பி.4 கோப்பில் உள்ளடக்கக் குறிப்பு கடைசியில்தான் எழுதப்படுகிறது. பாதியில் மின்சாரம் போனால் அதுவரை பதிந்ததும் திறக்காது. எம்.கே.வி.யில் மின்சாரம் போகும் வரை பதிந்தது பிழைக்கும். பின்னர் ஓ.பி.எஸ்.ஸின் பட்டியலிலேயே அதை எம்.பி.4 சாக்கிற்கு மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் பதிவு செய்த அன்று இரண்டு முறை மின்சாரம் நின்றது.

பதிவான படத்தில் ஆட்கள் அசையும்போது விளிம்புகள் சீப்புப் பல்லைப்போலத் தெரிந்தன. பழைய தொலைக்காட்சி முறையில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறிமாறி அனுப்பப்பட்டதன் அடையாளம் அது. ஹேண்ட்பிரேக்கில் 'டீஇன்டர்லேஸ்' என்னும் வடிகட்டியை இயக்கினால் இது நீங்கும். அசல் எம்.கே.வி.யை ஒதுக்கி வைத்துவிட்டு, வடிகட்டிய படி ஒன்றை எம்.பி.4 ஆக எடுத்துக்கொண்டோம்.

டி.வி.டி. தட்டு வைத்திருப்போருக்கு வேலை குறைவு. தட்டிலுள்ள 'வீடியோ_டிஎஸ்' கோப்புறையை அப்படியே கணினிக்குப் படியெடுத்தாலே அசல் பத்திரமாயிற்று. பின்னர் ஹேண்ட்பிரேக்கில் அக்கோப்புறையைத் திறந்து மாற்றலாம். 2012 இல் எனக்கு இதை ஒருவர் சொல்லியிருந்தால்!

கைப்பேசிப் படமும் கிராம சபையும்

கைப்பேசியில் எடுத்த படத்தைத் தொகுக்கும்போது, நேரம் ஆக ஆக உதடு ஒருபக்கமும் ஒலி ஒருபக்கமும் போவதாகப் பலர் குறைப்படுகின்றனர். வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி விநாடிக்கு எடுக்கும் படங்களைக் குறைத்துக்கொள்கிறது. தொகுக்கும் மென்பொருளோ சீரான வேகத்தை எதிர்பார்க்கிறது. ஷாட்கட் இத்தகைய கோப்பைக் கண்டால், தொகுப்பதற்கு ஏற்றதாக மாற்றட்டுமா என்று தானே கேட்கும். சம்மதம் தர வேண்டும். ஹேண்ட்பிரேக்கிலும் மாறா வேகம் என்று தேர்ந்தெடுக்கலாம்.

கிராம சபைப் பதிவுகளில் இடப் பிரச்சினை வருகிறது. கணக்கு எளிது. விநாடிக்கு 16 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் படம் நிமிடத்திற்கு 120 எம்.பி. கொள்ளும், இரண்டு மணி நேரக் கூட்டத்திற்கு 14 ஜிபிக்கு மேலாகும். மேஜைக்கு எதிரே அசையாமல் வைத்த கைப்பேசியின் படத்தை 2 மெகாபிட்டாகச் சுருக்கினாலும் பேச்சும் முகமும் விளங்கும். அப்போது நிமிடத்திற்கு 15 எம்.பி.; கூட்டம் முழுவதும் 2 ஜிபிக்குள் அடங்கும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளானால் ஒரு சிறிய பென் டிரைவே போதுமானது. எனினும் தீர்மானத்தின்மேல் வழக்கு வரக்கூடிய கூட்டமாயின், அசலையே வைத்திருப்பது நல்லது.

வாட்ஸப் வழியாக வந்த வீடியோவைத் தொகுக்கக் கொண்டுவராதீர்கள். அனுப்பும்போதே அது ஒருமுறை இடிக்கப்பட்டுவிடுகிறது. 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். 2022 முதல் 2 ஜிபி வரையுள்ள கோப்புகளை இவ்வாறு அனுப்ப முடிகிறது.

தமிழில் தலைப்பு எழுதுவோர் யூனிகோடு எழுத்துருவையே உபயோகிக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்பது கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. முதலில் 'கொண்டாட்டம்' என்று எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றால் அந்த மென்பொருளை நம்பலாம். கொம்பு தனியே பிரிந்து நின்றால் வேறு கருவியைத் தேடுங்கள். விழா மலரைப்போல் அச்சிட்டு ஒட்டிய பிழையன்று. வீடியோவில் பதிந்தபின் யாராலும் திருத்த முடியாது.

ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் 'சேமி' என்றவுடன் வீடியோ சேமிக்கப்பட்டதாக எண்ணுவது எல்லோரும் செய்யும் பிழை. அங்கு சேமிக்கப்படுவது வேலைக் குறிப்பு மட்டுமே. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு செயலர் மூன்று நாள் தொகுத்துவிட்டு, இடமில்லையென்று அசல் கோப்புகளை நீக்கிக் குறிப்பை மட்டும் எனக்கு அனுப்பிவைத்தார். வீட்டைக் கட்டாமல் வரைபடத்தை மட்டும் அனுப்பிப் பட்டியல் தொகை கேட்டது போலாயிற்று. 'எக்ஸ்போர்ட்' அல்லது 'ரெண்டர்' என்ற கட்டளையைக் கொடுத்து முடித்தால்தான் படம்.

எங்கிருந்து பெறுவது

இம்மென்பொருள்களை அவ்வவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே பெற வேண்டும். பெயரைத் தேடினால் முதலில் வருவது பல சமயம் விளம்பரம். அங்கே ஒரு மென்பொருளோடு நான்கு வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள். ஹேண்ட்பிரேக்கின் தளம் 'எஃப்.ஆர்.' என்று முடியும். 'காம்' என்று முடிவது வேறு. லினக்ஸ் உள்ள கணினிகளில் அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே ஏற்றிக்கொள்ளலாம். 2011 இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. லினக்ஸ் ஏற்றினால் வெட்டி எடுக்கும் சிறு வேலைகளுக்கு அவை இன்றும் உதவும்.

சொந்தத் தளத்திலும் ஆபத்து நேர்ந்ததுண்டு. 2017 மே 2 முதல் 6 வரை, ஹேண்ட்பிரேக்கின் பதிவிறக்கத் தளங்களில் ஒன்றில் யாரோ புகுந்து, மேக் கணினிக்கான கோப்பில் தீய நிரலைக் கலந்துவிட்டனர். ஆக்கியோர் உடனே அதைப் பகிரங்கமாக அறிவித்து, சரிபார்க்கும் எண்ணையும் வெளியிட்டனர். மறைக்காமல் சொன்னதால்தான் நாம் அறிகிறோம். பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் கொடுத்துள்ள எண்ணோடு ஒப்பிடுவது இரண்டு நிமிட வேலை. ரொக்கப் புத்தகத்தை நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் நமக்கு இது புதிதன்று.

அசலை என்ன செய்வது? எந்த மென்பொருளாயினும், எவ்வளவு நன்றாக மாறியிருந்தாலும், அசல் கோப்பை நீக்க வேண்டாம். அதன்மேல் எழுதவும் வேண்டாம். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில், உறவினரிடம் வையுங்கள். ஓட்டு வீட்டில் ஒழுகினால் இரண்டும் ஒரே பீரோவில் நனைவதால் பயனில்லை. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், தேதியை முதலில் எழுதினால் அவை தாமாகவே வரிசைப்படும்.

மூதாட்டியின் படம் முழுவதும் தயாரானதும் பென் டிரைவில் போட்டு எடுத்துச் சென்றேன். மூன்று மணி நேரக் கல்யாணத்தையும் மகன் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓட்டினோம். அவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, தமக்கு இது முழுவதும் வேண்டாம் என்றும், விருந்தாளிகளைப் பந்திக்கு அழைத்துத் தம் கணவர் பேசுமிடம் மட்டும் பேரனின் கைப்பேசியில் இருந்தால் போதும் என்றும் சொன்னார். அது நாற்பது விநாடி. இவ்வளவு பாடுபட்டதற்கு முதலிலேயே அவரைக் கேட்டிருக்கலாம். மடிக்கணினியைத் திண்ணையில் வைத்து, எம்.பி.4 படியிலிருந்து லாஸ்லெஸ்கட்டில் அத்துண்டை வெட்டினேன். முன்னே சொன்ன குறையின்படி, துண்டு ஆறு விநாடி முன்னதாகவே தொடங்கியது. அவர் பேசுவதற்கு முன் நாயனம் ஓய்ந்து தவில் அடங்குவது அதில் சேர்ந்துவிட்டது. ஷாட்கட்டில் போட்டு அதைச் சரியாக நறுக்கித் தரட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டுங்க ஐயா, அவரு எப்பவும் மேளம் நின்னப்புறந்தான் பேசுவாரு" என்றார்.